எழுவாய்க்குப் பெருக்கல் குறி, பயனிலைக்கு வட்டம்

டென்மார்க்கில் பரீட்சையில் பூஜ்யத்துக்கும் கீழே மார்க் வாங்கலாம். மைனஸ் 3, 00, 02, 4, 7, 10, 12 என ஏழே படிகள். 02 எடுத்தால் தேறியதாகக் கணக்கு. நூற்றுக்கு எத்தனை என்று கேட்டே பழகிய யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இந்தக் கணக்கு பிடிபடவே சில காலம் ஆகும். பிள்ளை பத்து எடுத்து வந்தால் முழு மார்க் என்று பூரித்துப் போவார்கள். அதற்கு மேலே பன்னிரண்டு இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரியவரும். கொஞ்சம் தவறினால் ஏழு, இன்னும் தவறினால் நாலு. நடுவில் படியே கிடையாது.

ஆங்கிலப் பரீட்சையில் பத்திலிருந்து ஏழுக்கு ஒரு பிள்ளையை இறக்கிவிடுவது பெரும்பாலும் பெரிய விஷயமல்ல. வினைச்சொல்லின் கடைசியில் விட்டுப்போன ஓர் 'எஸ்', 'ஹூ' வரவேண்டிய இடத்தில் வந்த 'விச்', எங்கே போடுவது என்று தெரியாமல் போட்ட 'த'. அடிப்படை இலக்கணம் என்று நாம் ஒதுக்கிவிடும் சமாச்சாரங்கள். மேற்கு ஜூட்லாந்தில் ஸ்டோரோ ஆற்றங்கரையில் இருக்கும் ஹொல்ஸ்டெப்ரோ நகரை வைத்து இதைப் பார்த்தால், அடிப்படை என்று சொல்லப்படுவது எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது தெரியும்.

இந்தப் பக்கத்து ஊர்களுக்குத் தமிழர்கள் வந்தது இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின். ஹேர்னிங், ஹொல்ஸ்டெப்ரோ, பிராண்ட என்று மத்திய, மேற்கு ஜூட்லாந்தின் சிறு நகரங்களில் அகதிகளாகக் குடியமர்ந்தார்கள். முதலில் ஆண்கள் வந்தார்கள். மனைவி மக்கள் பின்னால் வருவதாக இருந்தது. 1987இல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன் அந்தக் குடும்பங்களின் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடவைத்தார். விசாரணை அறிக்கை வெளியானதும் 1993 ஜனவரியில் பிரதமர் பௌல் ஷ்லூட்டரின் அரசே பதவி விலக வேண்டியதாயிற்று. 1995இல் நின்-ஹான்சன் தண்டிக்கப்பட்டார். டேனிஷ் அரசியலில் இன்றும் அதற்குப் பெயர் 'தமிழர் வழக்கு'. வரலாற்றுப் புத்தகங்கள் அரசு கவிழ்ந்ததைத்தான் பேசும். ஆனால் எட்டு வயதில் வந்திருக்க வேண்டிய பிள்ளை பத்து, பன்னிரண்டு வயதில் வந்து, டேனிஷையும் ஆங்கிலத்தையும் ஒரே வருடத்தில் விழுங்க வேண்டியிருந்ததும் அந்தத் தாமதத்தின் விலைதான்.

இன்றைய பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். 2014இன் பள்ளிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு டேனிஷ் பள்ளிகளில் ஆங்கிலம் முதல் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. சின்னக் குழந்தைகளுக்கான படங்கள் தவிர மற்றவற்றைக் குரல் மாற்றாமல் அடியில் எழுத்தோட்டத்தோடு காட்டுவதுதான் அந்த நாட்டு வழக்கம். ஆகவே ஆங்கிலம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பதினாலு வயதுப் பிள்ளை லண்டன்காரரோடு தயங்காமல் பேசும். சிக்கல் பேச்சில் இல்லை, எழுத்தில்தான். ஜிம்னாசியம் எனப்படும் மேல்நிலைப் பள்ளியின் ஆங்கில எழுத்துத் தேர்வில் பிழையான வாக்கியங்களைக் கொடுத்துத் திருத்தச் சொல்வார்கள். திருத்தினால் போதாது, ஏன் பிழை என்பதை இலக்கணச் சொற்களோடு விளக்கவும் வேண்டும். காதால் படித்த ஆங்கிலம் அங்கே கைகொடுப்பதில்லை.

டேனிஷ் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் நாம் கொஞ்சமும் எதிர்பாராதது. 'ஹி கோஸ்' என்பதில் வரும் அந்த 'எஸ்'. டேனிஷ் வினைச்சொல் எழுவாயைப் பார்த்து மாறுவதே இல்லை. ஆங்கிலத்தின் 'ஹேவ்' அங்கே 'ஹார்'. நானும் 'ஹார்', நீயும் 'ஹார்', அவனும் 'ஹார்', அவர்கள் எல்லோரும் 'ஹார்'. இப்படி ஒரு மொழியில் வளர்ந்தவருக்கு, அவன் என்றால் மட்டும் வினை ஏன் உடை மாற்ற வேண்டும் என்பது நியாயமான கேள்வி. ஆங்கிலத்திலும் பழைய விகுதிகள் எல்லாம் தேய்ந்து போய் மிஞ்சியது இந்த ஒன்றுதான். அதனால்தான் அது நினைவில் நிற்பதில்லை.

தமிழ்ப் பிள்ளைக்கு இது புதுக் கருத்தே அல்ல. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்கள்: திண்ணையில் இருந்து 'வந்தாயா' என்று கேட்கும் பாட்டி முதல் எல்லோரும் நாள் முழுக்கச் செய்வது எழுவாய்க்கும் பயனிலைக்கும் முடிச்சுப் போடும் வேலைதான். ஆங்கில ஆசிரியர் 'இயைபு' என்று சுற்றி வளைத்து விளக்குவதைத் தமிழ் தெரிந்த பிள்ளைக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: உன் வீட்டில் எத்தனையோ விகுதி, இங்கே ஒன்றே ஒன்று, அதைத் தொலைத்துவிடாதே.

'ஹூ', 'விச்' விவகாரம் இன்னும் சுவாரசியமானது. மனிதரைச் சுட்ட ஒன்று, மற்றவற்றைச் சுட்ட இன்னொன்று. டேனிஷில் இந்த இடத்தில் 'சொம்' என்ற ஒரே சொல் மனிதருக்கும் மேசைக்கும் சேர்த்து வேலை பார்க்கிறது. ஆகவே 'என் தங்கை விச்' என்று எழுதுகிற டேனிஷ் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் உயர்திணை, அஃறிணை என்ற பிரிவோடுதான் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரமே தொடங்குகிறது. யார் என்று கேட்பதா, எது என்று கேட்பதா என்பதில் மூன்று வயதுத் தமிழ்க் குழந்தை தவறாது.

குழந்தை என்றதும் ஒரு வேடிக்கை. டேனிஷில் பெயர்ச்சொற்களுக்குப் பொதுப்பால், அலிப்பால் என்று இரண்டு பால்கள் உண்டு. குழந்தையைக் குறிக்கும் 'பார்ன்' அங்கே அலிப்பால். நாமும் 'குழந்தை அழுதது' என்றுதான் சொல்கிறோம், அழுதான் என்றோ அழுதாள் என்றோ சொல்வதில்லை. ஆங்கிலேயரும் பெயர் தெரியாத கைக்குழந்தையை 'இட்' என்பதுண்டு. மூன்று மொழிகளும் கூடிப் பேசிவைத்ததுபோல இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன.

டேனிஷ் பள்ளிகளில் வாக்கியத்தைப் பிரித்துக் காட்ட ஒரு பழைய முறை இருக்கிறது. 'க்ரூஸ் ஒ பொல்ல' என்பார்கள். பெருக்கல் குறியும் வட்டமும் என்று அர்த்தம். எழுவாயின் அடியில் பெருக்கல் குறி. வினையின் அடியில் வட்டம். செயப்படுபொருளுக்கு முக்கோணம். யாருக்கு என்ற கேள்விக்கு விடையாக வருவதற்குச் சதுரம். 'அம்மா குழந்தைக்கு ஆப்பிள் கொடுக்கிறாள்' என்பதை டேனிஷில் எழுதினால் வரிசையாகப் பெருக்கல், வட்டம், சதுரம், முக்கோணம் என்று விழும். ஆங்கிலத்திலும் அதே வரிசை. டேனிஷ் வகுப்பில் கற்ற இந்தக் குறிகளைப் பிள்ளைகள் அப்படியே ஆங்கில வகுப்புக்கும் எடுத்துப் போகிறார்கள். எழுவாயைக் கண்டுபிடிக்கும் வழியும் நம் வழிதான்: வினையைப் பார்த்து யார், எது என்று கேள், பிறகு யாரை, எதை என்று கேள். தமிழ் ஐயாக்கள் சொல்லித் தந்ததும் இதைத்தானே.

ஓர் எட்டாம் வகுப்புப் பிள்ளை சமையலறை மேசையில் இந்தக் குறிகளைப் போட்டுக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் ஒரு காலத்தில் ஆசிரியையாக இருந்த அம்மம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். டேனிஷில் 'ஹான் ஏர் லேய', அதாவது அவன் டொக்டர் என்ற வாக்கியம். 'ஹான்' என்பதற்குப் பெருக்கல், 'ஏர்' என்பதற்கு வட்டம், கடைசிச் சொல்லுக்கு வட்டத்துக்குள் பெருக்கல், ஏனென்றால் அது எழுவாயைப் பற்றியே சொல்கிறது. அதே வாக்கியத்தைத் தமிழிலும் எழுதிப் பார்க்க அவளுக்கு ஆசை.

"அம்மம்மா, 'அவன் டொக்டர்' எண்டதில வட்டம் எங்க போடுறது?"

"வட்டமோ? அது என்ன?"

"வினைக்குப் போடுறது."

"அதில வினை இல்லைப் பிள்ளை. அது பெயர்ப் பயனிலை. டொக்டர் எண்ட சொல்லே பயனிலையாய் நிக்குது."

"வினை இல்லாம வசனம் வருமோ?"

"உங்கட பள்ளிக்கூடத்தில வராது போல. இஞ்ச வரும்."

தமிழர் ஆங்கிலம் எழுதும்போது 'இஸ்' காணாமல் போவதன் ரகசியம் இதுதான். சோம்பலும் அல்ல, அறியாமையும் அல்ல. வட்டமே இல்லாத வாக்கியம் நம் மொழியில் முழு வாக்கியம். இதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் அது தன் கட்டுரையில் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ளும். சொல்லாமல் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே இருந்தால் பரீட்சைக்குப் பரீட்சை அதே இடத்தில் தொலைக்கும்.

'த' என்ற சொல்லுக்கு வருவோம். தமிழருக்கும் ரஷ்யருக்கும் தலைவலி தருவது இது. தமிழில் இதற்கு நேர்ச் சொல் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள், பாதிதான் உண்மை. 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் வித்தியாசம் என்ன? முதலாவது ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவது நீங்களும் நானும் முன்பே பேசிக்கொண்ட அந்தப் புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கி நிற்பதா, விரிந்து நிற்பதா என்பதில் ஆங்கிலத்தின் 'எ', 'த' வேறுபாடு கணிசமாக அடங்கியிருக்கிறது. எல்லா இடத்திலும் பொருந்தாதுதான். ஆனால் ஒன்றுமே தெரியாத இடத்திலிருந்து தொடங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

பொது டேனிஷில் இந்த 'த' சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். வீடு 'ஹூஸ்', அந்த வீடு 'ஹூசெட்'. மேற்கு ஜூட்லாந்தின் பழைய வட்டார வழக்கு மட்டும் இதற்கு விலக்கு. ஹொல்ஸ்டெப்ரோவின் முதியவர் 'எ ஹூஸ்' என்பார், ஆங்கிலத்தைப் போலவே சொல்லுக்கு முன்னால் வைத்து. அந்த வழக்கில் எண்ணக்கூடிய பொருள்கள் எல்லாவற்றுக்கும் பால் ஒன்றே. அதுவும் ஆங்கிலத்தை நினைவூட்டும். வட கடலுக்கு அக்கரையில் இருக்கும் மொழியோடு இது நேரடிச் சொந்தமா, தனியே விளைந்ததா என்பதில் அறிஞர்களிடையே வாதம் உண்டு. இந்தப் பேச்சில் உயிரெழுத்துகளை மட்டும் வைத்தே ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் காட்டி வெளியூர்க்காரர்களை மிரட்டுவார்கள்: ஆற்றுக்குள் இருக்கும் தீவில் வெளியே நிற்கிறேன் என்று பொருள் வரும், மெய்யெழுத்து மருந்துக்கும் இருக்காது.

இந்த முன்னொட்டு 'எ' ஊரின் நடுவிலேயே ஒரு பெயராக நிற்கிறது. 1960களின் நடுவில் ஹொல்ஸ்டெப்ரோ நகரசபை வரிப்பணத்தில் அல்பெர்த்தோ ஜாக்கொமெட்டியின் சிற்பம் ஒன்றை வாங்கியது. சக்கரம் வைத்த மேடைமேல் விறைத்து நிற்கும் ஒல்லியான பெண். சின்ன ஊருக்கு இத்தனை விலையில் இது எதற்கு என்று சண்டை நடந்தது. ஊர்க்காரர்கள் கலைச் சண்டையை ஒரு பட்டப்பெயரால் முடித்துவைத்தார்கள்: 'மாரென் ஓ எ வூன்', வண்டிமேல் நிற்கும் மாரென். அதில் வரும் 'எ' ஆங்கிலத்தின் 'த' உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இளைஞர்கள் பெரும்பாலும் இன்று அந்த வழக்கில் பேசுவதில்லை. சிலையின் பெயரில் மட்டும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஆங்கில ஆசிரியருக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? வகுப்பிலிருந்து பொடிநடையாய்ப் போய்க் காட்டலாம்.

ஆங்கிலத்தில் காலம் எத்தனை என்ற கேள்வி தமிழ்நாட்டில் எழுந்தால் பன்னிரண்டு என்று பதில் வரும். ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தின் கொடை அது. (அந்த ரென், பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றி 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவல் எழுதிப் புகழ்பெற்ற பி.சி. ரென்தான். பம்பாய்ப் பக்கம் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். நம்மைப் பல தலைமுறையாக வாக்கியம் பிரிக்க வைத்தவர் ஒரு சாகசக் கதாசிரியர் என்பது எனக்கு எப்போதும் ஆறுதல்.) ஜூட்லாந்தின் ரான்டர்ஸ் நகரில் 1860இல் பிறந்த ஓட்டோ யெஸ்பெர்சனைக் கேட்டிருந்தால் இரண்டு என்றிருப்பார்: நிகழ்காலம், இறந்தகாலம். எதிர்காலத்துக்கு ஆங்கில வினையில் தனி வடிவம் கிடையாது. 'வில்' என்பது விருப்பத்தைச் சொல்ல வந்த துணைவினை என்பது அவர் கட்சி. 1893 முதல் 1925 வரை கோப்பன்ஹேகனில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர், ஏழு பாகங்களில் ஆங்கில இலக்கணம் எழுதத் தொடங்கி 1909இல் முதல் பாகத்தை வெளியிட்டார். கடைசிப் பாகம் அவர் இறந்து ஆறு ஆண்டு கழித்து 1949இல் வந்தது. ஆங்கில எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் ஏன் இத்தனை தூரம் என்ற மாணவர் கேள்விக்கு விடையாகும் அந்தப் 'பெரும் உயிரொலி மாற்றம்' என்ற பெயரும் இவர் வைத்ததே. ஆங்கிலேயருக்கு அவர்கள் மொழியின் இலக்கணத்தை இவ்வளவு விரிவாக எழுதிக் கொடுத்தவர் ஒரு ஜூட்லாந்துக்காரர்!

யெஸ்பெர்சன் சொன்னதைப் புரிந்துகொள்ள நன்னூல் போதும். 'நாளைக்கு வருகிறேன்' என்று நிகழ்காலத்தில் எதிர்காலத்தைச் சொல்கிறோம். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றால் காலம் மயங்கி வரலாம் என்று நன்னூல் அனுமதி தருகிறது. டேனிஷ்காரரும் 'நாளை வருகிறேன்' என்றே சொல்வார், ஆங்கிலேயரும் அப்படியே. ஆனால் 'இங்' சேர்ப்பதில் தமிழ்ப் பிள்ளையும் டேனிஷ் பிள்ளையும் எதிரெதிர்த் திசையில் வழுக்குகிறார்கள். டேனிஷில் 'படிக்கிறேன்' என்ற ஒரே வடிவம்தான். இப்போது படித்துக்கொண்டிருப்பதும் தினமும் படிப்பதும் அதற்குள் அடக்கம். நமக்கோ 'கொண்டிருக்கிறேன்' கைவசம் தாராளமாக இருப்பதால் நம்பிக்கொண்டிருக்கிறேன், விரும்பிக்கொண்டிருக்கிறேன் என்று எதற்கும் ஒட்டிவிடுவோம். ஆங்கிலத்தில் அது செல்லாது.

மொழியிலிருந்து மொழிக்கு இப்படிக் கணக்குப் பார்ப்பது இரு தரப்புக்கும் பழைய பழக்கம். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனிஷ்காரர்களிடம் இருந்தது. டேனிஷ் மன்னர் அனுப்பி 1706இல் அங்கே இறங்கிய சீகன்பால்கு, தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதி 1716இல் ஹாலே நகரில் அச்சிட்டார். மொழியியலின் மூலவர்களில் ஒருவரான ராஸ்முஸ் ராஸ்க் 1820களின் தொடக்கத்தில் சென்னையையும் கொழும்பையும் சுற்றிவிட்டுச் சுவடிகளோடு 1823இல் ஊர் திரும்பினார். 1832இல் டேனிஷ்காரர்களுக்காக ஓர் ஆங்கில இலக்கணமும் எழுதினார்.

இத்தனை இருந்தும், டென்மார்க்கில் நடந்தது வேறு. 2002இல் அரசு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கும் கடமையிலிருந்து நகரசபைகளை விடுவித்தது. தாய்மொழி டேனிஷுக்குத் தடை என்ற எண்ணம் அப்போது பலமாக இருந்தது. தமிழ் அதன்பின் வார இறுதி வகுப்புகளில், பெற்றோரின் கைக்காசிலும் உழைப்பிலும் பிழைத்துக்கிடக்கிறது. அரசை மட்டும் சொல்லிப் பயனில்லை. "தமிழைக் கொஞ்சம் விட்டால்தான் இங்கிலீஷ் நல்லா வரும்" என்று வீட்டிலேயே மூட்டை கட்டுபவர்கள் நம்மிலும் உண்டு. மேலே சொன்ன விகுதி, திணை, வேற்றுமை, பெயர்ப் பயனிலை ஆகிய நான்கையும் பார்த்த பிறகும் அப்படிச் சொல்பவர், விடைத்தாளைப் பிள்ளையின் பையிலிருந்து எடுத்து வெளியே வைப்பவர் என்றே எனக்குப் படுகிறது.

இலக்கியக் கேள்விகளுக்கு வந்தால் ஹொல்ஸ்டெப்ரோ பிள்ளைக்கு இன்னொரு அனுகூலம். ஆங்கில மாணவர்களை உலகெங்கும் வாட்டும் கேள்வி: ஹாம்லெட்டுக்குப் பைத்தியமா, பாசாங்கா? இந்தக் கதையின் மூலத்தை 1200ஆம் ஆண்டுவாக்கில் லத்தீனில் எழுதிவைத்தவர் சாக்ஸோ என்ற டேனிஷ் அறிஞர். அதில் இளவரசனின் பெயர் ஆம்லெத், கதை நடப்பது ஜூட்லாந்தில். ஷேக்ஸ்பியர்தான் அதைக் கிழக்கே எல்சினோர் கோட்டைக்குக் கொண்டுபோனார். ஆம்லெத் தன் சித்தப்பன் ஃபெங்கைக் கொன்ற இடம் என்று லிம்ஃபியோர்டில் இருக்கும் மோர்ஸ் தீவின் ஒரு குன்றை ஊர்வழக்கு காட்டுகிறது. ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான்.

சாக்ஸோவில் சந்தேகத்துக்கே இடமில்லை, பாசாங்குதான். அதுவும் எப்படிப்பட்ட பாசாங்கு! ஆம்லெத் பொய்யே சொல்வதில்லை. கடற்கரை மணலைக் காட்டி இதோ மாவு என்று தோழர்கள் கேலி செய்ய, அலைகள் அரைத்த மாவு என்கிறான். உடைந்த கப்பலின் சுக்கானைக் காட்டி எவ்வளவு பெரிய கத்தி பார் என்றால், இவ்வளவு பெரிய இறைச்சியை வெட்ட இது சரிதான் என்கிறான். அவன் சொன்ன இறைச்சி கடல். கேட்பவர்களுக்குப் பித்து, அவனுக்கு உண்மை. சிலேடையில் ஊறிய காளமேகத்தின் வாசகருக்கு இந்த உத்தியை யாரும் விளக்க வேண்டியதில்லை. மேற்கு ஜூட்லாந்தின் கடற்கரையில் மணல்மேடுகள் காற்றில் பறப்பதைப் பார்த்த பிள்ளைக்கோ அந்த மாவு கண்முன்னே இருக்கிறது.

முடிவும் வேறு. சாக்ஸோவின் ஆம்லெத் தயங்குவதில்லை. இங்கிலாந்திலிருந்து தன் ஈமவிருந்து நடக்கும் நேரத்தில் திரும்பி வந்து, குடித்து மயங்கியவர்களைத் திரைச்சீலையால் மூடிக் கொக்கிகளால் பிணைத்து மண்டபத்துக்குத் தீ வைக்கிறான், ஃபெங்கைக் கொல்கிறான், அரசனாகிறான். வெகுகாலம் கழித்து வேறொரு போரில்தான் சாகிறான். ஜெயித்தவனின் கதையை எடுத்து, யோசித்து யோசித்தே அழியும் ஒருவனின் கதையாக ஷேக்ஸ்பியர் ஏன் மாற்றினார்? ஆங்கில இலக்கியத்தில் கேட்கத்தக்க நல்ல கேள்வி இது. கோனார் நோட்ஸில் விடை தேட முடியாத கேள்வியும்கூட.

ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்தே இதற்கு ஒரு பதில் மேடையேறியது. 1966இல் ஓஸ்லோவிலிருந்து இந்த ஊருக்குக் குடிபெயர்ந்த ஓடின் தியேட்டரெட் உலக நாடகக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த குழு. நிறுவியவர் இத்தாலியில் பிறந்த யூஜெனியோ பார்பா. 1963இல் கேரளத்துக்கு வந்து கலாமண்டலத்தில் கதகளியைப் பார்த்துவிட்டு ஐரோப்பியருக்கு அதைப் பற்றி எழுதியவர். அவர் 2006இல் 'ஊர்-ஹாம்லெட்' என்ற நாடகத்தை எல்சினோரின் குரோன்போர்க் கோட்டையில் நடத்தினார். ஷேக்ஸ்பியரை விட்டுவிட்டுச் சாக்ஸோவிலிருந்து தொடங்கினார். ஆம்லெத்தாக ஆடியவர் பிரேசில் நாட்டு நடனக்காரர். சுற்றிலும் பாலித் தீவின் கம்பூ கலைஞர்கள், ஜப்பானிய நோ நடிகர். அத்தனை பேருக்கும் நடுவே கதையைத் தோண்டி எடுக்கும் பாத்திரமாகச் சாக்ஸோவையே மேடையில் நிறுத்தினார் பார்பா. சாக்ஸோவுக்குப் பின்னாளில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் 'கிராமட்டிக்குஸ்', இலக்கணக்காரர்.